ஒரு டிரம் நல்ல தண்ணி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குளியல் தொட்டி கிடக்கிறது. பெரிய வீடுகளில் படுத்துக்கொண்டு குளிப்பார்களே, அந்த வெள்ளைத் தொட்டி. என் அப்பா ஸ்தனிஸ்லாஸ் கொத்தனார். ஒரு பங்களாவை இடித்துக் கட்டும் வேலையில், விரிசல் விட்டதென்று வெளியே போட்டதைக் கேட்டு வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மா ஆனந்தமேரி அதில் மண்ணை நிரப்பி அரைக்கீரை விதைத்துவிட்டாள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை ஏற்கெனவே இருந்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பாவின் தங்கை ஜெஸ்ஸி அத்தை அதை முதலில் பார்த்த அன்று, "என்ன மதினி, கீரையக் குளிக்க வச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அத்தை எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் எங்கள் வீடு. ஒரு அறையில் இருக்கும் டைல்ஸ் அடுத்த அறையில் இருக்காது. திண்டுக்கல்லில் யார் வீட்டுக் கூடம் எப்படி இருக்கும் என்று எங்கள் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்பா வேலை பார்த்த இடங்களில் மிஞ்சியது, உடைந்தது, பிடிக்கவில்லை என்று மாற்றியது எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அவர் இந்த வீட்டை ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். முடித்தபோது கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கி, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யாரிடமும் கை நீட்டாமல் எழும்பிய வீடு இது. இதையெல்லாம் நான் அடக்கமாகச் சொல்லப் போவதில்லை.

எங்கள் பக்கம் தண்ணீர் இரண்டு வகை. குழாயில் என்றைக்காவது வருவது நல்ல தண்ணி. குடிக்க, சமைக்க அதுதான். போர் போட்ட குழாயில் வருவது உப்புத் தண்ணி. மற்ற எல்லாவற்றுக்கும் அது. நல்ல தண்ணி வரும் நாளில் அம்மா நீல டிரம்மை விளிம்பு வரை பிடித்து, மூடி, மூடி மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பாள். அதற்கு மேல் அந்த டிரம்மை அவளைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. அரிசி கழுவிய தண்ணீர் கத்தரிக்குப் போகும். பாத்திரம் அலசியது வாழைக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் அரை டம்ளர் தண்ணீர்தான் கொடுப்பாள். குடித்து முடித்தால் இன்னொரு அரை டம்ளர். மிச்சம் வைத்துக் கீழே ஊற்றுகிற ஆளை அவள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள்.

வீடு மந்திரிப்புக்கு நாள் குறித்தோம். சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார், பிறகு சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு. விஷயம் தெரிந்ததும் அத்தை வந்துவிட்டாள். மாமாவுக்கு டவுனில் ஹார்டுவேர் கடை. அந்தக் கடை அத்தையின் குரலிலும் கொஞ்சம் இருக்கும்.

"அண்ணே, சாப்பாட்டுக்கு வெளிய சொல்லிருவோம், நான் பாத்துக்கிறேன். மதினி சமைச்சா ஆளுக்கு ஒரு கரண்டி வெஞ்சனம் வைக்கக்கூட கை வராது."

அப்பா தான் பூசிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பேசினாள்.

"கோழி மட்டும் ஒங்கண்ணன் வாங்கட்டும் ஜெஸ்ஸி. வெஞ்சனம் பூராம் என் தோட்டத்துல இருந்து. ஒரு காய் வெளிய வாங்க மாட்டேன். எலைகூட என் வாழைதான்."

"அம்புட்டுப் பேருக்குமா?"

"அம்புட்டுப் பேருக்கும்."

"பாப்போம் மதினி. பிச்சைக்காரப் பொழப்புப் பொழைக்கிறாகன்னு யாரும் பந்தியில உக்காந்து சொல்லாம இருந்தாச் சரி."

"சொல்றதா இருந்தா நீங்கதான் அத்தை சொல்வீங்க. வேற யாருக்கும் அந்த நெனப்பு வராது" என்றேன்.

"படிக்க வச்சதுல வாய்தான் நீண்டுருக்கு" என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். அது உண்மைதான். நீளட்டும் என்றுதான் படித்தேன்.

அம்மா வாயால் சொல்லிவிட்டாள். இனி தோட்டம் பேச வேண்டும். வேலி முழுக்க அவரைக் கொடி பூ விட்டிருந்தது. சிமெண்டுச் சாக்குகளில் கத்தரி, பெயிண்ட் டப்பாக்களில் மிளகாய், கக்கூஸ் கூரைமேல் பூசணி. மந்திரிப்புக்குள் எல்லாம் பருவத்துக்கு வந்துவிடும் என்று அம்மா கணக்குப் போட்டாள். அவள் கணக்கு தப்பாது.

அடுத்த வாரம் அத்தை ஒரு ஆளோடு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை அனுப்பி வைத்தாள். மந்திரிப்புக்குச் சீராம். 'வர்றவங்களுக்கு டிரம் தண்ணியக் குடுக்காதீங்க' என்று போனில் ஒரு வார்த்தையும் சொன்னாள். ஆள் அதைச் சமையலறைச் சுவரில் மாட்டி, போர்த் தண்ணீர்க் குழாயில் இணைத்துவிட்டுப் போனான்.

மெஷின் ஒரு குடம் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுப்பதற்குள், இன்னொரு மெல்லிய குழாய் வழியாக அதைவிட அதிகமான தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பியது. அம்மா முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர் ஓடி வீணாவதை அவளால் தாங்க முடியவில்லை. இரண்டாம் நாள் அந்தக் குழாயைப் பிடுங்கிப் பக்கெட்டுக்குள் விட்டாள். பக்கெட் நிறைய நிறைய, செடிகளுக்குக் கொண்டுபோய் ஊற்றினாள்.

மில்லில் எனக்கு அப்போது தொடர்ந்து காலை ஷிப்ட். விடிவதற்குள் கிளம்பி, வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். தோட்டத்தின் பக்கம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கொல்லைக்குப் போனபோது, அம்மா அவரைக் கொடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இலைகளின் ஓரமெல்லாம் தீயில் காட்டியதுபோலக் கருகியிருந்தது. பூ உதிர்ந்து கிடந்தது. கத்தரியின் இலைகள் சுருண்டிருந்தன. கீரை மஞ்சளாகிப் படுத்துவிட்டது.

"கண்ணு பட்டுருச்சுத்தா" என்றாள். "வேப்பம் புண்ணாக்குப் போட்டேன். தீர்த்தமும் தெளிச்சேன். ஒண்ணும் கேக்கல. அன்னைக்கு ஜெஸ்ஸி சொன்ன வாக்குதான்."

"என்ன தண்ணி ஊத்துன?"

"நல்லா ஊத்துறேன்டி. முன்ன மாதிரி சொட்டுச் சொட்டாவா ஊத்துறேன்? மெஷின் தண்ணி அம்புட்டும் இதுகளுக்குத்தான்."

எனக்கு விளங்கிவிட்டது. போய்ப் பக்கெட்டுத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். பிறகு அதில் ஒரு செம்பு மொண்டு, கருப்பு வாணலியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். அம்மா பின்னாலேயே வந்து, "கேஸ எதுக்கு வீணாக்குற" என்றாள். தண்ணீர் வற்றியது. வாணலியின் அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. சுரண்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"போர்த் தண்ணியில இருக்கிற உப்பை அந்த மெஷின் பிரிச்சு எடுக்குதும்மா. அந்த உப்பு பூராம் இந்தக் குழா வழியாத்தான் வருது. நீ நெதம் செடிக்கு உப்பு போட்டுருக்க."

அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்தே இந்த வீட்டை எழுப்பினவள். மிச்சம் பிடித்ததே தோட்டத்தைக் கொன்றது என்றால் அவள் எங்கே போய் நிற்பாள்? எனக்கு அத்தைமீது வந்த கோபத்தில் அந்த மெஷினைச் சுவரோடு பெயர்த்து எறியலாம் போலிருந்தது.

"போச்சா?" என்றாள்.

"வேர் போகல. மண்ணுல தங்குன உப்பைக் கழுவி எறக்கணும். நல்ல தண்ணிய ஊத்தி நெறைக்கணும். அடியில வடிஞ்சு ஓடுற வரைக்கும்."

"எவ்வளவு?"

நான் டிரம்மைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"வெளையாடுறியா? நல்ல தண்ணி இனி என்னைக்கு வருமோ. அத மண்ணுல ஊத்தச் சொல்ற. ஊர் என்னடி சொல்லும்?"

"ஊரா ஒனக்குத் தண்ணி தூக்கிட்டு வந்துச்சு?"

"ஒங்கப்பா வேலை முடிஞ்சு வந்து எதக் குடிப்பாரு?"

"அத்தை மெஷின் இருக்குல்ல. குடிக்கிறதுக்கு அது குடுக்கும். அதுக்குத்தான அது இருக்கு."

அம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு எழுந்து போய்க் குழவியைத் தூக்கிக் கீழே வைத்தாள்.

முதலில் செம்பில்தான் மொண்டாள். கத்தரியின் அடியில் வழக்கம்போல மெல்லச் சுற்றி ஊற்றினாள். "காணாதும்மா, இன்னும் ஊத்து" என்றேன். குடத்தை எடுத்தாள். கவிழ்த்தாள். சாக்கின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடியதும் அவள் கை தானாக மண்ணை அணைத்துத் தடுக்கப் போனது. "ஓடட்டும், விடு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள். அடுத்த குடம். அடுத்தது. குளியல் தொட்டியின் ஓட்டை வழியாகக் கலங்கலாக வடிந்ததை நான் விரலில் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உப்புக் கரித்தது. இன்னும் ஊற்றச் சொன்னேன். கரிப்புக் குறைந்தது. கடைசியில் அம்மா டிரம்மையே இரண்டு கையாலும் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்து, அடியில் இருந்ததை அவரைக் கொடியின் வேரில் கொட்டினாள். டிரம்மின் உட்சுவரில் ஒட்டியிருந்த துளிகளையும் தட்டிவிட்டாள். செய்வதென்று முடிவு செய்தால் அவள் அரைகுறையாகச் செய்வதில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். கொல்லை முழுவதும் ஈரம், கவிழ்ந்து கிடக்கும் நீல டிரம். வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழையா பேஞ்சுச்சு?"

"இல்ல" என்றாள் அம்மா. "நாந்தான்."

அவரைக் கொடி பிழைக்கவில்லை. கத்தரி புதுத் துளிர் விட்டது. பூசணிக்கு ஆரம்பத்திலிருந்தே பக்கெட் எட்டவில்லை, அதனால் தப்பித்திருந்தது. வாழைக்கு எப்போதும் பாத்திரம் அலசிய தண்ணீர்தான், அதுவும் தப்பித்தது. தொட்டியில் அம்மா மறுபடி கீரை விதைத்தாள். மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் இப்போதும் பக்கெட்டில்தான் விழுகிறது. அது கக்கூசுக்கு, வீடு துடைக்க. செடிப் பக்கம் அந்தப் பக்கெட் வரக் கூடாது என்று அம்மா அதன் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறாள்.

மந்திரிப்பு அன்று காலையில் நல்ல தண்ணியும் வந்தது. சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து முடித்ததும், "கொல்லைக்கும் கொஞ்சம் சாமி" என்றாள் அம்மா. அவர் குளியல் தொட்டிக் கீரைக்கும் தெளித்துவிட்டு, "இதுக்கு ஞானஸ்நானமே ஆச்சு" என்றார்.

பந்தியில் எங்கள் வாழை இலை. கோழிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, பூசணிக்காய்ப் பொரியல், வாழைப்பூ வடை, வாழைத்தண்டு, கீரைக் கடைசல், ஒரு துவையல். கேட்டவர்களுக்கு இரண்டாவது கரண்டி, மூன்றாவது கரண்டி. மாமா பக்கத்து ஆட்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அத்தை துவையலை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இது என்னடி துவையல்? நல்லாருக்கு."

"பூசணித் தோல் அத்தை. நீங்க குப்பையில போடுவீங்கல்ல, அது."

அத்தை கை அந்தரத்தில் நின்றது. பிறகு வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். எதிர்த்துப் பேசாமல் அவள் சாப்பிட்டு முடித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எழும்போது அம்மாவைப் பார்த்துக் கேட்டாள், "மெஷின் ஓடுதா மதினி?"

"ஓடுது. அது தள்ளுற தண்ணியிலதான் வீடு பூராம் துடைச்சேன். நீ மிதிச்சு நிக்கிற தரைகூட."

அத்தை குனிந்து தரையைப் பார்த்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் அப்பா பதித்துக் கொடுத்ததன் மிச்ச டைல்ஸ் அது. அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

உள்ளே கை கழுவும் பேசின் இருந்தது. அத்தை அந்தப் பக்கம் ஓரடி வைத்துவிட்டு நின்றாள். பிறகு எல்லோரையும்போலக் கொல்லைக்கு வந்து, வாழை மரத்தடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அம்மா செம்பை எடுத்துப் போய் ஊற்றினாள். அரைச் செம்போடு நிறுத்துவாள் என்று அத்தை அவசர அவசரமாகத் தேய்த்தாள்.

"மெதுவாக் கழுவு ஜெஸ்ஸி" என்றாள் அம்மா, செம்பை இன்னும் சாய்த்துக்கொண்டு. "தண்ணி கெடக்கு."