முதல் சொல்லின் மேல் மஞ்சள்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தாள். "மஞ்ச வெச்சாருடி எங்க மாமனாரு. மொத வார்த்த மேலயே வெச்சிகீறாரு. இப்ப அத்தினி காசும் உள்ள மாட்டிக்கினு கீது" என்றாள். மேற்கொண்டு என்ன என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் இறங்கிப் போய்விட்டாள். மீதியை அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் முன்பின் தெரியாத கிழவன் காசைப் பற்றி விசாரித்தால் நானே வாய் திறக்கமாட்டேன். அவள் எதற்குத் திறக்கவேண்டும்?

ஆகையால் இனி வருவதெல்லாம் என் புளுகு. மாமனாருக்கு வேதகிரி என்று பெயர் வைத்தேன். மருமகள் தேவயானி. குவைத்தில் இருக்கிற மகன் கலைச்செல்வன். (வேதகிரி நான்தான் என்று உங்களில் யாராவது கிளம்புவீர்கள். இல்லை. எனக்கு மகன் கிடையாது.)

2

முதல் வரிக்கே மூச்சு முட்டிவிட்டது.

'ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த அன்றைக்கு வேதகிரி' — அடித்துவிட்டேன். ஏரிக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

'கிரிப்டோ என்பது கண்ணுக்குத் தெரியாத' — இது பேப்பர்காரன் வேலை.

'வேதகிரி யாரையும் நம்பமாட்டார்.' இது நிற்கிறது. பால்காரர் ஊற்றிய பாலைத் தன் படியில் மறுபடி அளப்பார். பாங்கிலிருந்து போனுக்குத் தகவல் வந்தால் பஸ் ஏறிப் போய், இது நீங்கள் அனுப்பியதுதானா என்று நேரில் கேட்டுவிட்டு வருவார். நெல் எடை போடும்போது வியாபாரியின் கால் தராசில் படுகிறதா என்று குனிந்து பார்ப்பார். அவரை எழுத எனக்குக் கஷ்டமில்லை. மருமகளை எழுதத்தான் கை தடுமாறுகிறது. பிகாம் படித்தவள், அரிசி மில்லில் பில் போடுகிறவள். அவள் என்ன நினைக்கிறாள் என்று நான் எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும், உனக்கெப்படித் தெரியும் என்று யாரோ பின்னாலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது.

3

கருவியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சமாசாரம், பென்டிரைவ் மாதிரி. சின்னத் திரை, இரண்டு பொத்தான். ஹார்டுவேர் வாலட் என்கிறார்கள். காசு அதற்குள் இருப்பதாக நினைக்கவேண்டாம். காசு இன்டர்நெட்டில் ஒரு பொதுக் கணக்கில் கிடக்கிறது. அதை எடுக்கிற சாவி மட்டும்தான் இதற்குள். சாவி வெளியே வராது. போனில் கள்ளன் புகுந்தாலும் அவன் கைக்குச் சிக்காது. கருவியே தொலைந்துபோனால்? அதற்குத்தான் இருபத்துநாலு இங்கிலீஷ் சொற்கள். ஆரம்பத்தில் கருவியே காட்டும். வரிசை மாறாமல் எழுதி வைத்துக்கொண்டால் வேறு கருவியிலும் அதே சாவியை உண்டாக்கிக்கொள்ளலாம். அந்தச் சொற்களை எவன் பார்த்தாலும் சாவி அவனுக்கும்தான்.

(அவற்றில் ஒன்றைக்கூட இந்தக் கதையில் எழுதமாட்டேன். கற்பனையானாலும் சரி. உங்களில் யார் எப்படியோ.)

கலைச்செல்வன் குவைத் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் பிட்காயினாக வாங்கி, ஏதோ கம்பெனியின் கணக்கில் போட்டு வைத்திருந்தான். கூட வேலை செய்கிறவன் காசு போட்ட கம்பெனி ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளவும், இவன் அந்தக் கணக்கை நம்புவதை விட்டான். கருவியைச் செய்கிறவனிடமே நேராக வாங்கினான். லீவில் வந்தபோது, நைனாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தான். யாரும் முன்னாடியே பிரித்துப் பார்க்கவில்லையே என்று பார்த்தான். திறப்பதற்கு ஒரு பின் நம்பர் வைத்து, அதை நைனாவின் காதில் மட்டும் சொன்னான். சொற்களை ஜெல் பேனாவால் வெள்ளைத் தாளில் எழுதினான். எழுத எழுதச் சட்டதிட்டங்களையும் சொல்லிக்கொண்டே வந்தான். இதைப் போட்டோ எடுக்கக்கூடாது. ஜெராக்ஸ் எடுக்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. கம்பெனியிலிருந்து பேசுகிறேன், சொற்களைச் சொல்லுங்கள் என்று எவன் கேட்டாலும் அவன் திருடன். காசு அனுப்பும்போது விலாசத்தைக் கருவியின் திரையில்தான் சரிபார்க்கவேண்டும்; போன் பொய் காட்டும்.

போன் பொய் காட்டும் என்பதை வேதகிரி பத்து வருஷமாகச் சொல்லிவருகிறார். "இன்னாடா இது, எனக்குன்னே செஞ்ச மாரி கீது" என்றார்.

முதலில் கொஞ்சம் அனுப்பிப் பார்த்தான். வந்து சேர்ந்தது. பிறகு மொத்தத்தையும் அனுப்பினான். உண்மையில் அதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருந்தது: கருவியை ஒருமுறை அழித்துவிட்டு, தாளைப் பார்த்துத் திரும்ப உண்டாக்கிச் சோதிக்கவேண்டும். ஏர்போர்ட்டுக்குப் பேசிவைத்த கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தான்.

தாளை மனைவியிடம் கொடுக்கவில்லை, அப்பாவிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சிரித்தான். "நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதான் சேஃப்டி."

(இந்த வரியை இரண்டு தடவை அடித்து மறுபடி எழுதினேன். ஒரே பேச்சில் இரண்டு பேரைக் குத்திவிட்டுக் கார் ஏறிப் போகிறான். அவன் கெட்டவனில்லை, அவசரக்காரன்.)

4

கார் போனதும் வேதகிரி கதவைச் சாத்திக்கொண்டு, புதுக் காகிதம் எதுவானாலும் செய்கிறதைச் செய்தார். கிரயப் பத்திரமோ பட்டாவோ டிராக்டர் ஆர்சி புக்கோ, நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் அவர் வீட்டு பீரோவுக்குள் ஒன்றும் போனதில்லை. மஞ்சளைக் குழைத்து, நாலு மூலைக்கும் வைத்து, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். தண்ணீர் சற்றுக் கூடிவிட்டது. காய்ந்ததா என்று பார்க்காமல் மடித்து, டிபன் டப்பாவில் போட்டு, பீரோவைப் பூட்டினார்.

மகன் சொன்ன எந்தச் சட்டத்தையும் அவர் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். போட்டோ இல்லை, ஜெராக்ஸ் இல்லை. கட்டிக்கொடுத்த மகள் வந்து, ஏதோ தாள் கொடுத்தானாமே என்று கேட்டபோதுகூட, அப்படியொன்றும் இல்லையே என்றுவிட்டார். மஞ்சள் வைக்காதே என்று எவனும் சொல்லவில்லை. ஒருத்தரையும் நம்பாத அந்த மனிதர் நம்பினது மஞ்சள் ஒன்றைத்தான்.

5

கலைச்செல்வனின் ஒப்பந்தம் முடிந்தது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்றது கம்பெனி. அவனுக்கு ஊருக்கு வந்துவிடவேண்டும். உத்திரமேரூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை போடவேண்டும். அதற்குப் போடுகிற முதல் முழுக்கக் கருவிக்குப் பின்னால் இருக்கிறது. வியாழக்கிழமை ஆபீஸ் மூடுவதற்குள் பதில் சொல்லவேண்டும், அதற்குள் காசை எடுத்துவிடுங்கள் என்று போன் செய்தான்.

வீட்டில் பின் நம்பர் வேதகிரிக்கு மட்டும்தான் தெரியும். மருமகளைச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மண்வெட்டி பிடித்த விரலால் அந்தக் கடுகுப் பொத்தான்களை அமுக்கினார். தப்பு என்றது. மறுபடி தப்பு. மூன்றாவது தப்புக்கு, கருவி தன்னைத்தானே அழித்துக்கொண்டது.

அவர் கலங்கவில்லை. திருடன் கையில் கிடைத்தாலும் இப்படித்தான் அழியும் என்று மகன் சொல்லியிருந்தான். சொன்னபடி செய்கிற ஒரு பொருளைக் கடைசியில் பார்த்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரத் திருப்திகூட. தாள்தான் இருக்கிறதே. பீரோவைத் திறந்து கொண்டுவந்து கொடுத்தார். தேவயானி பிரித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா, இந்த மூலைல இன்னா எழுதி இருந்துச்சி?"

"என்னக் கேட்டா? எனக்குதான் இங்கிலீஷ் தெரியாதே. அதானே சேஃப்டி."

அவள் சிரித்துவிட்டாள் என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். சிரித்திருக்கமாட்டாள்.

நடுவில் வைத்த குங்குமம் சொல்லில்லாத இடத்தில் விழுந்திருந்தது. மற்ற மூன்று மூலையிலும் மஞ்சள் பட்ட சொற்களில் முதல் நாலு எழுத்துத் தப்பியிருந்தது. அந்த நாலு எழுத்து போதும், சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம். இடது மேல் மூலையில், முதல் சொல் இருந்த இடத்தில், ஜெல் மை கரைந்து ஊதா கலந்த ஒரு மஞ்சள் திட்டு. அதற்குக் கீழே, கோட்டைத் தாண்டித் தொங்குகிற ஒரு வால். இங்கிலீஷ் 'ஜி'யோ, 'ஒய்'யோ, 'பி'யோ.

6

கருவி ஏற்கிற சொற்கள் மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம்தான். பட்டியல் ரகசியமில்லை, யாரும் பார்க்கலாம். வால் உள்ளவற்றை மட்டும் எடுத்தாலும் சில நூறு தேறும். ஒன்றைச் சோதிக்க இருபத்துநாலையும் முதலிலிருந்து, இரண்டே பொத்தானில், எழுத்தெழுத்தாக ஏற்றவேண்டும். கடைசியில் தப்பு என்று சொல்லிவிடும். மறுபடி முதலிலிருந்து. தேவயானி மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வேதகிரி எதிரே உட்கார்ந்து, வாசலில் போகிற வருகிறவர்களைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவந்து, ஆச்சா என்று கேட்டார்.

ஒருமுறை தப்பு என்று சொல்லவில்லை. திறந்தது. தேவயானி மாமனாரின் கையைப் பிடித்துவிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் கையை அவள் தொட்டதில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, சுத்தமாகக் காலி. தப்பான சொல்லும் எப்போதாவது கணக்குக்குப் பொருந்திவிடும்; அது முறைப்படி உண்டான சாவிதான். ஆனால் வேறு சாவி. எவனும் எதையும் வைக்காத ஒரு பெட்டியின் சாவி.

இருப்பைப் பார்ப்பதற்கென்று கலைச்செல்வன் அவள் போனில் போட்டுக்கொடுத்த ஆப்பில் மட்டும் பழைய கணக்கு அப்படியே தெரிந்தது. காசு ஒரு குண்டுமணி குறையவில்லை. பார்க்கலாம், தொடமுடியாது.

(இந்த இடத்தை எழுதும்போது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். முதல் வரியை மாற்றி மாற்றி நான் எழுதினதும் இந்த வேலைதானே. ஒவ்வொரு வரியும் ஒரு கதையைத் திறந்தது. உள்ளே போனால் ஆளே இல்லை.)

7

இங்கே ஜான்சன் வருகிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஒரு சொல்தான் காணோம் என்றால் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் அத்தனையையும் தானே போட்டுப் பார்த்துவிடும், கொஞ்ச நேர வேலை என்றான். அது நிஜமும்கூட.

ஜான்சனை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் கழுத்தில் செயின் போட்டுத் திருடனாக்கினேன். சோம்பேறித்தனம். அடுத்து சர்ச்சில் பாட்டுப் பாடுகிற யோக்கியனாக்கினேன். அதுவும் சோம்பேறித்தனம்தான். மூன்றாவதாக, அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினேன். அவனை நேரில் வரவழைத்தேன்.

"நெட்ட கட் பண்ணிட்டு, உங்க கண்ணு முன்னாலயே போடறேன் நைனா" என்றான்.

"போடு. போட்டுட்டு கம்ப்யூட்டர இங்கயே வெச்சிட்டுப் போ."

"அது எங்க மச்சானுது நைனா."

"மச்சானயும் இட்டுக்கினு வா. ரெண்டு பேருக்கும் சோறு போடறேன். காசு பத்திரமா வேற எடத்துக்குப் போற வரிக்கும் ரெண்டு பேரும் இங்கயே குந்துங்க."

ஜான்சன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மச்சானின் லேப்டாப்போடு செங்கல்பட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனவன், வியாழக்கிழமை மத்தியானம் தேவயானிக்குப் போன் செய்தான். இஷ்டமிருந்தால் தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், இங்கிருந்தே பார்த்துத் தருகிறேன். இல்லாவிட்டால் விடுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை என்றான்.

8

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

கடைசி நிமிஷத்தில் தேவயானி ஏற்றுகிற சொல்லே சரியான சொல். சினிமாவில் வரும். எடுத்தாயிற்று.

போட்டோ போகிறது, ஜான்சன் வழித்து எடுத்துக்கொள்கிறான். இதை எழுத என் கை தானாக ஓடியது. அதனாலேயே அதன் மேல் சந்தேகம்.

போட்டோ போகிறது, ஜான்சன் சொல்லைக் கண்டுபிடித்து, காசு வாங்காமல் கொடுக்கிறான், கலைச்செல்வன் கடை திறக்கிறான். இதை எழுதினால் நாளைக்கு உங்களில் ஒருத்தர் தன் தாளைப் போட்டோ எடுத்து எவனுக்கோ அனுப்புவீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

போட்டோ போகவில்லை. கலைச்செல்வன் கையெழுத்துப் போடுகிறான். காசு பத்திரம். தேவயானி சொல் கிடைக்கிற வரைக்கும் உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறாள்; கிடைத்தாலும் மூன்று வருஷம் அவன் அங்கே, இவள் இங்கே. இதுதான் ஒழுங்கான முடிவு. எழுதிவிட்டுப் படித்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

9

ஆகவே அந்த மத்தியானத்தை மட்டும் எழுதுகிறேன்.

தாள் மேஜைமேல் இருக்கிறது. அதன் மேல் வேதகிரி உள்ளங்கையைப் பரப்பி வைத்திருக்கிறார். தேவயானியின் போனில் கலைச்செல்வன்.

"நைனா, பேனா கையில கீது. மேனேஜரு நிக்கிறாரு. இன்னா பண்ட்டும்?"

"ஒம் பொண்டாட்டியக் கேளு."

"அவ ஒன்னக் கேக்கச் சொல்றா."

வேதகிரி மருமகளைப் பார்த்தார். தன் போனில் புருஷன் இருந்ததால், போட்டோ எடுப்பதற்கு அடுக்களையிலிருந்த மாமியாரின் போனை அவள் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கை வைத்திருக்கிற வரைக்கும் ஒன்றும் எடுக்க முடியாது.

"கைய எடுத்தா எம் புள்ள வருவானாம்மா?"

"தெரில மாமா."

"அந்தப் பையன் யோக்கியனா?"

"அதுவும் தெரில மாமா."

இத்தனை வயசில் அவரிடம் காசு விஷயம் பேசிய ஒருத்தரும் தெரியாது என்று சொன்னதில்லை. நெல் வியாபாரி, பாங்க் மேனேஜர், சீட்டுக்காரன், சொந்த மச்சான், எல்லோருக்கும் எல்லாம் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மகனுக்கும்தான். வேதகிரி கையை எடுத்தார். எடுத்து, தாளை மடித்து, அவள் கையில் வைத்தார்.

"நீயே வெச்சிக்கோ. நீ இன்னா சொல்றியோ அதான்."

போனில் கலைச்செல்வன் ஹலோ ஹலோ என்கிறான்.

அடுத்து அவள் என்ன செய்தாள் என்பதற்கு நான்கு வரி எழுதி, நான்கையும் அடித்துவிட்டேன். அவளுக்காக முடிவெடுக்க ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். நானும் ஒருத்தன் எதற்கு? தாள் அவளிடம் இருக்கிறது. அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். யாரையும் கேட்காமல் முடிவெடுங்கள். எடுத்ததை என்னிடமும் சொல்லவேண்டாம்.