ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு

1
இந்தக் கதை எனக்குக் காது வழியாக வந்தது. பொன்னேரி பஸ்ஸில் பின்சீட்டுப் பெண், தான் யாரிடமோ சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கடல் மாறல சார். கை மாறிச்சி." அவ்வளவுதான். மீதி என் சரக்கு.

2
‘1974. கும்மிடிப்பூண்டியில் ஒரு தகரக் கொட்டகையின் மேல் வெயில்...’ (வேண்டாம். வெயில் பேசாது.)

எல்லம்மாவும் பச்சையம்மாவும் பழவேற்காட்டு மீனவப் பெண்கள். கொட்டகையில் அவர்களுக்கு வேலை, எண்ணெய் தேடிக் கடலுக்குள் தோண்டிய இரண்டு கிணறுகளின் சேற்றிலிருந்து கசகசாவைவிடச் சிறிய கடலுயிர்க் கூடுகளைப் பொறுக்குவது. சேற்றின் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு தட்டு. ஏரியில் மீன் படாத மாதங்களில் இரண்டு வீட்டுக்கும் இதுதான் சோறு.

[கொஞ்சம் பாடம், பொறுங்கள். கூட்டுக்குள் லேசான ஆக்சிஜனும் உண்டு, கனமானதும் உண்டு. குளிர்ந்த நீரில் வளர்ந்த கூட்டில் கனமானது கூடும். அடுக்கடுக்காக அளந்தால் கிணற்றுக்கு ஒரு கோடு. இரண்டு கோடுகளின் மேடுபள்ளம் பொருந்தினால், இந்த அடுக்கும் அந்த அடுக்கும் ஒரே காலம். ஆனால் எல்லாம் ஒரே இனக் கூடாக இருக்கவேண்டும்.]

3
கோடுகள் அச்சாகப் பொருந்தின, ரம்பப் பல் மாதிரி. புவியியல்காரர் துளசிராமன் மூன்றாவது கிணற்றுக்கு இடமே குறித்துவிட்டார். (அவரை முட்டாளாக்கப் பார்த்தேன். முடியவில்லை. நானும் நம்பியிருப்பேன்.) சந்தோஷத்தில் கோட்டுப் படத்தைக் கொட்டகைக்கே கொண்டுவந்து காட்டினார்.

எல்லம்மாவின் கண்களில்... (கண் கிடக்கட்டும். கோட்டின் மேட்டிலும் பள்ளத்திலும் மாறிமாறி விரல் வைத்து என்ன சொன்னாள்?)

"ஒண்ணு நானு, ஒண்ணு இவ. ஒண்ணு நானு, ஒண்ணு இவ."

"என்னம்மா சொல்றே?"

"ஏரில பாடு இருக்குதில்ல சார்? இன்னிக்கு என் வலை, நாளைக்கு இவ வலை. தட்டையும் அப்டித்தான் பங்கு போட்டுக்கினோம். கடல் மாறல சார். கை மாறிச்சி."

ஒருத்தி, துளசிராமன் கேட்ட இனத்தை எடுத்திருக்கிறாள், மேல்நீரில் மிதப்பது. மற்றவள் எடுத்தது கடலடிக் குளிரில் கிடப்பது. இரண்டும் வெள்ளை, இரண்டும் உருண்டை.

4
மேலதிகாரி சொல்லிவிட்டார், தப்பாகப் பொறுக்கியவளுக்குச் சீட்டு கிழியும். கூடுகளோ அளக்கும்போதே அமிலத்தில் கரைந்துபோயின. ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: முதல் தட்டு யாருடையது? அது தெரிந்தால் மேடு யார், பள்ளம் யார் என்று தெரிந்துவிடும்.

முடிவு அ: எல்லம்மா தன்னுடையது என்கிறாள். (தியாகம். அடித்துவிட்டேன்.)
முடிவு ஆ: இருவருமே வெளியே. (எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.)

எனக்குக் கேட்டது பச்சையம்மாவின் குரல்:

"மொதல் தட்டா? அத மட்டும் ரெண்டு பேரும் சேந்து பொறுக்கினோம் சார்."

பொய் என்று துளசிராமனுக்குத் தெரியும். அறிக்கை எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். உண்மையில் யார் என்று எனக்கும் தெரியும், சொல்லப்போவதில்லை. என் முறை முடிந்தது. அடுத்த தட்டு உங்களுடையது.