கொடியில் எடுத்த துணி

"அக்கா, தூங்கிட்டியா?"

"ம், தூங்கிட்டேன்."

"விளையாடாதக்கா. பதினஞ்சு வயசுப் பிள்ளைய போலீஸ் பிடிச்சுட்டுப் போவாங்களா?"

தாலிஸ் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் படுத்திருந்த தங்கை நீவெஸ் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா எலிடா படுத்திருந்தாள். அவள் காதில் விழக் கூடாது.

"யாரடி அடிச்ச?"

"யாரையும் அடிக்கல. கட்டிலுக்கு அடியில பாரு."

காபிச் சாக்கு ஒன்று கிடந்தது. உள்ளே மூன்று வெள்ளை விரிப்புகள், இரண்டு சட்டைகள், மடிப்புக் கலையாமல்.

செவ்வாய்க்கிழமை நீவெஸ் பள்ளி விட்டு வரும்போது பொடித்தூறல் இறங்கிவிட்டது. மலையூரான போக்கேத்தேயில் அது எப்போது இறங்கும் என்று ஊருக்கு மேலே நிற்கும் எரிமலைக்கே தெரியாது. ஆள் இல்லாத வீட்டுக் கொடியில் துணி நனைந்தால், வழியில் போகிறவர்கள் எடுத்துக்கொண்டுபோய் உலர்த்தி மடித்து வைப்பார்கள். சாயங்காலம் உடையவர் நாலு ஆரஞ்சோடு வந்து, "நம்ம துணி உங்க வீட்லயா?" என்று கேட்டு வாங்கிப்போவார். பாலத்தருகே பச்சை வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரமே ஆன அமெரிக்கக் கிழவர் ரஸ்ஸலின் கொடிக்கும் அவள் கை தானாகவே போனது.

"அவரு கேட்டு வரவே இல்லக்கா. நேத்தும் வரல. இன்னிக்கு என் கிளாஸ் மாரிஸ்கா போன்ல ஒண்ணு காட்டினா."

வெளிநாட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளும் குழுவில் வந்த படம். கிழவர் தோட்டத்துக் கேமரா எடுத்தது. முகம் தெரியவில்லை. சிவப்பு மழைக்கோட்டும், நெஞ்சோடு அணைத்த விரிப்புகளும்தான் தெரிந்தன. 'இந்தத் திருடியை யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டிருந்தார். கீழே நாற்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஒருவர் நாய் வளர்க்கச் சொன்னார். இன்னொருவரின் தோட்டத்து நாற்காலி காணாமல்போனதும் இவள் கைவரிசைதானாம்.

"நாற்காலிய எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

"சிரிக்காதக்கா!"

"சரி சரி. சாக்கோட போய்க் குடுத்துட வேண்டியதுதானே?"

"போனேன். வாசல்ல போலீஸ் மோட்டார்சைக்கிள் நின்னுச்சு. ஓடி வந்துட்டேன். இப்ப நான் ஓடினதும் கேமராவுல இருக்கும்."

பலகைச் சுவர் கிரீச்சிட்டது. எலிடா வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் படத்த நான் மத்தியானமே பாத்துட்டேன்."

எலிடா ஆறு வெளிநாட்டுக்காரர் வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள். படத்தைக் காட்டியது அதில் பெரிய வீட்டு ஜூடித் அம்மா.

"இந்தப் பொண்ணத் தெரியுமா எலிடான்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

"என்னையா தெரியாதுன்ன?"

"வாய் முந்திக்கிச்சுடி. ஆறு வீட்டுச் சாவி என் இடுப்புல தொங்குது. திருடியோட அம்மாவ நம்பி எவ சாவி குடுப்பா?"

தாலிஸின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. "அம்மா, இவளுக்கு அந்தக் கோட்டக் குடுத்ததே ஜூடித் அம்மாதானே? போன கிறிஸ்துமசுக்கு."

எலிடா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அதாண்டி தூக்கம் வரல. மறந்துபோய்க் கேட்டாங்களா, தெரிஞ்சே கேட்டாங்களா? நான் தெரியாதுன்னதும் என் மூஞ்சியையே பாத்தாங்க. அப்புறம் காபி குடுத்தாங்க. சர்க்கரையும் அவங்களே போட்டாங்க. ஒரு நாளும் போட்டதில்ல."

விடிந்ததும் மூவரும் சாக்கோடு பச்சை வீட்டுக்குக் கிளம்பினார்கள். நீவெஸ் சிவப்புக் கோட்டை எடுத்து மாட்டினாள்.

"அதக் கழட்டு, சனியனே."

"இதப் போட்டுட்டுதானம்மா எடுத்தேன்."

உணவகத்தில் பரிமாறிக் கற்ற ஆங்கிலத்தில் தாலிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். ரஸ்ஸல் விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். "நான் இல்லாதப்ப என் தோட்டத்துக்குள்ள யாரும் வரக் கூடாது" என்றார். படத்தை எடுத்துவிடுவதாகவும் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

அங்கிருந்து ஜூடித் அம்மா வீட்டுக்குப் போய் எலிடா சாவியை மேசைமேல் வைத்து, "அது என் மகதான்" என்றாள்.

"தெரியும்" என்றார் ஜூடித் அம்மா. சாவியை அவள் பக்கமே நகர்த்தினார்.

வேலை போகவில்லை என்று அன்றிரவு மூவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். மறுவாரம் எலிடா வேலைக்குப் போனபோது ஜூடித் அம்மாவின் சமையலறைக் கதவுக்கு மேலே புதுக் கேமரா ஒன்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று காபிக்குச் சர்க்கரை அவளே போட்டுக்கொண்டாள்.

அன்று மாலையே தூறல் இறங்கியது. ரஸ்ஸலின் கொடியில் அதே விரிப்புகள். கை எட்டும் தூரம். நீவெஸ் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றாள். கோட்டின் முக்காட்டை விலக்கி, முகத்தைக் கேமராவுக்கு நேராகக் காட்டினாள்.

"தாத்தா! துணி நனையுது!"

வீட்டுக்குள் ஏதோ ஒரு திரைச்சீலை அசைந்தது. கதவு திறக்கவில்லை. விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கும்வரை அவள் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள்.