முப்பத்தொன்றாம் நம்பர் ரைபிள்

துப்பாக்கி அடம் பிடிக்கிறது என்று ஆயுதப் பழுது பார்க்கிறவனே சொன்னால், எந்த ஆபீசில் அவனை வைத்திருப்பார்கள்? அதனால் பர்னபாஸ் வாயைத் திறக்கவில்லை. தூத்துக்குடிக்கு வெளியே, முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டான பாரில் காவல் சுற்றும் படகுகளின் ரைபிள்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எழுபத்துநாலாம் வருஷம் மாசி மாதத்தில் மட்டும் முப்பத்தொன்றாம் நம்பர் ரைபிள் மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. ஒரே புகார்தான். தோட்டா பாதி வழியில் நின்றுவிடுகிறது, அதைத் தள்ளி அடைக்கும் போல்ட் மூடுவதில்லை.

கொட்டகையில் வைத்துப் பார்த்தால் சனியன் ஒழுங்காக வேலை செய்தது. மேகசின் வளையவில்லை, ஸ்பிரிங் தளரவில்லை, தோட்டாக்களில் ஒரு நசுங்கல் கிடையாது. பாருக்கு மேலே போனால்தான் பிடிவாதம்.

"நீரே படகுல போய்ச் சரி பண்ணிட்டு வாரும். திருட்டு வள்ளத்தைக் கண்டா சுடச் சொல்லி ஆர்டர்" என்றார் அதிகாரி.

பர்னபாஸ் கருவிப் பையை எடுத்துக்கொண்டார். போன வருஷம் அந்தப் பாரில் சிப்பி எடுக்க இறங்கிய அவர் தம்பி இனிகோவைக் கொன்றது இதே ரைபிள்தான். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அதற்கு முந்தின நாளும் இது தோட்டாவை ஏற்காமல் மக்கர் பண்ணியது. சரி செய்து கொடுத்தவர் அவர்தான்.

காலை பத்து மணிக்குப் பாரை அடைந்தார்கள். காவலர் பிச்சையா கை நீட்டினான்.

"அண்ணாச்சி, அங்கன ஒரு வள்ளம்! ஆளு முங்குதான். சீக்கிரம் தாரும்!"

பர்னபாஸ் தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டார். மஞ்சளாகப் பிசின். முகர்ந்தார். சுறா எண்ணெய்! நங்கூரம் முதல் அரிவாள்மணை வரை கடற்கரைச் சனம் துருவுக்குத் தடவுவது அதைத்தான். பழக்கதோஷத்தில் அவரும் அங்கே தடவியிருக்கிறார். கொட்டகை நிழலில் சும்மா கிடந்தது, வெயிலில் இளகி ஒட்டியிருக்கிறது. சே, இவ்வளவுதானா! வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, தோட்டாவை ஏற்றினார்.

பாதியில் நின்றது.

எடுத்துப் பார்த்தார். அறை பளபளவென்று காய்ந்து கிடந்தது. மறுபடி ஏற்றி, போல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளேயிருந்து அது விரலைத் திருப்பித் தள்ளியது. கதவுக்குப் பின்னால் ஆள் நின்று தள்ளுவது போல, மெதுவாக. அந்தப் பக்கம் தள்ளுகிற ஸ்பிரிங் எதுவும் துப்பாக்கியில் கிடையாது. விரல் நனைந்திருந்தது. நாக்கில் வைத்தார், உப்பு.

"யாருலே உள்ள?" என்று தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஆச்சா?"

வள்ளத்துக்குப் பக்கத்தில் மூன்று தலைகள் மேலே வந்தன. ஸ்க்ரூடிரைவர் பிடியால் போல்ட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் போதும், எப்பேர்ப்பட்ட தோட்டாவும் உள்ளே போய்விடும். போன வருஷம் அப்படித்தான் போனது. பாழாய்ப்போன கை, அதுபாட்டுக்கு அதைத் தேடி எடுத்தும்விட்டது. பர்னபாஸ் ஸ்க்ரூடிரைவரைக் கடலில் வீசினார்.

"ஆகலே. ஆகாது."

பிச்சையா தலையிலடித்துக்கொண்டு விசிலை ஊதினான். மூன்று பேரும் அவசரமாக ஏறிப் பாய் விரித்தார்கள். வள்ளம் தூரத்தில் புள்ளியாகி மறைந்தது. அதற்கப்புறம், யார் கையும் படாமல், பர்னபாஸின் மடியிலிருந்த ரைபிளில் போல்ட் தானே முன்னால் நகர்ந்து மூடிக்கொண்டது.

பிச்சையா திரும்பினான். "சரியாயிட்டே! என்ன செஞ்சீரு?"

"நான் ஒண்ணும் செய்யலே" என்றார் பர்னபாஸ். "என் தம்பி இப்பதான் கையை எடுத்தான்."