மஞ்சள் இறங்கிய மரம்

“சிவமலர், விளக்கடியிலை ஆரும் நடக்கினமே?”

கேள்வி நிலத்துக்கு அடியிலிருந்து வந்தது. குசினித் தரையில் திறந்து கிடந்த மூடிக்குள் அவள் குனிந்தாள். மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே ஆள் தவழ மட்டும் இடமுள்ள அந்த இருட்டில், அவள் கணவன் இரத்தினவேல் ஹோலின் மூலைக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் அவளுடைய தம்பி யோகலிங்கம் டோர்ச்சோடு.

“ஒருத்தரும் இல்லை. மயூரா மேலை சீலை உடுக்கிறாள்.”

“அங்கை ஒருத்தரையும் விடாதை.”

விடிய குத்துவிளக்கை வைத்தபோதுதான் தெரிந்தது. எப்படித் திருப்பி வைத்தாலும் விளக்கு சுவர்ப்பக்கம் சாய்ந்தது. அந்த மூலையில் காலை வைத்தால் பலகை மெத்தைபோல அமிழ்ந்தது. மத்தியானம் மகள் மயூராவைப் பார்க்க ஸ்தவாங்கரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இருக்க அந்த ஹோலை விட்டால் வேறு இடமில்லை. அடியில் ஓர் இரும்புத் தூணை நிறுத்திவிட்டால் இன்றைக்குச் சமாளிக்கலாம் என்று அத்தானும் மச்சானும் இறங்கியிருந்தார்கள்.

“குழாய் ஒண்டும் உடையேல்லை அத்தான். மற்றப் பக்கமெல்லாம் மண் காய்ஞ்சு கிடக்கு. இந்த மூலையிலை மட்டும் சேறு.”

“தாங்குமரத்தைப் பார். ஸ்குரூட்றைவர் பிடிமட்டும் இறங்குது. இது மரமே, தேத்தண்ணியிலை தோய்ச்ச பாண்.”

“லைற்றை இஞ்சாலை பிடிக்கிறன்... மஞ்சளாக் கிடக்கு.”

“பூஞ்சணமோ?”

“மணந்து பாருங்கோ.”

கீழே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சிவமலர், நேற்று வெள்ளிக்கிழமை எவ்வளவு தண்ணி ஊத்தினனி?”

புருசெத்தில் இருந்த சீமெந்துத் தொடர்மாடியை விட்டு இந்தப் பழைய மரவீட்டுக்கு வந்த பிறகும் அவள் பழக்கத்தை மாற்றவில்லை. வெள்ளிதோறும் வாளியோடு மஞ்சள் தண்ணீரை ஊற்றி, தும்புத்தடியால் விளக்கு வைக்கும் சாமித்தட்டு மூலைக்குத் தள்ளுவாள். தண்ணீர் போய்விடும். எங்கே போகிறது என்று அவள் யோசித்ததேயில்லை.

“வழமையா ஊத்துறதுதான்.”

“அக்கா மரத்துக்கு அபிஷேகம் செய்திருக்கிறா,” என்றான் யோகலிங்கம். ஒருவரும் சிரிக்கவில்லை.

மரத்தைத் தூக்க வைத்த கார் ஜாக்கி கிறீச்சிட்டது. மேலே பலகை முனகியது.

“மெல்ல. ஒரேயடியா உயர்த்தினா வெடிக்கும். மட்டமாக்கிறதைப் பிறகு பாப்பம், தாங்கினாக் காணும்.”

“அத்தான், ஜாக்கி சேத்துக்கை சரியுது.”

“நான் அமத்திப் பிடிக்கிறன். நீ தூணை இழு. கெதியா. இப்ப மேலை பூனை நடந்தாலும் என்ரை நெஞ்சிலைதான்.”

அப்போது வாசல்மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். பனிக்குள் மாப்பிள்ளை தக்சன், அவன் தாய் செல்வமலர், பூவும் பழமும் வைத்த தட்டோடு தகப்பன்.

“முந்தின பிளேனிலை இடம் கிடைச்சுது. அதுதான் நேரத்தோடை வந்திட்டம்,” என்றாள் செல்வமலர்.

“கொஞ்சம் நில்லுங்கோ.”

“வாசலிலையோ?”

பெண் கேட்டு வந்தவர்களை வாசலில் மறிப்பதா? நிலப்பலகை உக்கி இத்துப்போச்சு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“இல்லை... வீடு இன்னும் ஒதுக்கேல்லை.”

“எங்களுக்கென்ன ஒதுக்கு,” என்று தகப்பன் சிரித்தார். சப்பாத்தைக் கழற்றினார், வலது காலை எடுத்து வைத்தார். “தட்டை விளக்கடியிலை வைச்சிட்டு இருக்கிறன்.” அவள் கை நீட்டுமுன் அவளைக் கடந்து போய்விட்டார்.

மூலை அமிழ்ந்தது. கீழே மரம் முறியும் சத்தம். அதோடு ஒரு மனிதக் குரல்.

“அண்ணை, அசையாதேங்கோ,” என்றாள் சிவமலர்.

அவர் தட்டோடு நின்றார். “என்ன பிள்ளை?”

“கீழை என்ரை மனுசன் கிடக்கிறார். நீங்கள் நிக்கிறது அவருக்கு மேலை.”

“ஆரது மேலை?” பலகைக்கு அடியிலிருந்து இரத்தினவேலின் குரல் நசுங்கி வந்தது.

“மாப்பிள்ளையின்ரை அப்பா.”

“காலை எடுக்கவேண்டாமெண்டு சொல்லு. பலகை துள்ளினா ஜாக்கி தெறிச்சிடும். என்ரை கை அதுக்குள்ளை.”

செல்வமலர் வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் பனியில். மகனின் கையை இறுகப் பிடித்திருந்தாள். கீழே யோகலிங்கம் தூணை நிமிர்த்தச் சுத்தியலால் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் தட்டிலிருந்த தோடம்பழம் ஆடியது.

தகப்பன் நிலத்தைப் பார்த்துக் கேட்டார். “தம்பி, நான் மூச்சு விடலாமோ?”

“விடுங்கோ. தும்மாதேங்கோ,” என்றார் கீழேயிருந்து இரத்தினவேல்.

அடி நின்றது. தூணின் திருகாணி இறுகும் சத்தம் மட்டும் கேட்டது. சிவமலர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். வாயில் வந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாள்.

“பிடிச்சிட்டுது அக்கா,” என்றான் யோகலிங்கம். “அவரைச் சுவரோரமா மெல்ல வரச் சொல்லுங்கோ.”

அவர் காலைத் தேய்த்துத் தேய்த்து வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது.

“ஏன் முதலே சொல்லேல்லை?” செல்வமலர் கேட்டாள்.

“பொம்பிளை பாக்க வாறவையிட்டை நிலம் உக்கிப்போச்செண்டு என்னெண்டு சொல்லுறது? நான்தான் தண்ணி ஊத்தி உக்க வைச்சனான்.”

செல்வமலர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

“சரி. எங்கை நிக்கலாமெண்டு சொல்லுங்கோ, அங்கை நிக்கிறம்.”

“குசினியிலை. அங்கை மரம் வைரம்.”

எல்லோரும் சுவரோடு ஒட்டி, ஒருவர் பின் ஒருவராகக் குசினிக்குப் போனார்கள். மூடியருகே இரண்டு சேற்றுக் கைகள் தெரிந்தன. ஒன்றின் மணிக்கட்டில் இரத்தம். தக்சன் குனிந்து இரத்தினவேலைத் தூக்கிவிட்டான்.

“அந்த மூலைப் பலகையைக் கழட்டிக் காயவிடவேணும்,” என்றார் இரத்தினவேல், வந்தவர்களை நிமிர்ந்து பார்க்காமலே. “உக்கினதை வெட்டிப்போட்டுப் பக்கத்திலை புதுமரம் சேத்துப் பூட்டவேணும். அதுக்குப் பிறகு நாளுக்குக் கொஞ்சமாத்தான் உயர்த்தலாம்.”

சிவமலர் பட்டுச்சீலைத் தலைப்பை இழுத்து அவர் மணிக்கட்டை அழுத்திக் கட்டினாள்.

“சீலை பழுதாப் போகுது. ஆக்கள் நிக்கினம்,” என்றார் அவர் மெல்ல.

“நிக்கட்டும். நீங்கள் கையை ஆட்டாதேங்கோ.”