ஏரிக்கரையில் மூன்றாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை ஏரி இரண்டே பேருக்குத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வாரம் பூராவும் ஊசியும் குழாயுமாகக் கிடக்கிறவள், மேல்மாடி வார்டு நர்ஸோடு சேர்ந்து விடிந்ததும் இங்கே வந்துவிடுவாள். ஒரே பைனாகுலர், மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். மீன் பிடிக்கிற ஒருவர் இங்கே நீர்நாய் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து இருவருக்கும் அதே பைத்தியம். கரையில் சத்தம் கூடாது. எதைக் கண்டாலும் பக்கத்தில் இருப்பவளின் முழங்கையைத் தொட வேண்டும். அதுதான் சட்டம்.

இன்றைக்கு அவளுடைய தங்கையும் ஒட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் நர்ஸ் முந்திக்கொண்டாள். "வரட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?"

கெட்டுத்தான் போனது.

வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவள் அவள். அதற்காக அப்பாவோடு மல்லுக்கு நின்றதும் பட்டினி கிடந்ததும் அவள். தங்கை அதே வழியில் செருப்புத் தேயாமல் நடந்துபோனாள். போகட்டும். ஆனால் இதுவுமா வேண்டும்?

"உங்கக்காவுக்கு நான் வெச்ச பேரு தெரியுமா?" நர்ஸ் தங்கையிடம் கிசுகிசுத்தாள். "ரத்தக்காட்டேரி."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ஐயோ, வீட்லயும் அக்கா அப்படித்தான்!"

அந்தப் பெயரை நர்ஸ் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாரை ஒன்று வந்து இறங்கியது. நர்ஸின் விரல் தங்கையின் முழங்கையைத் தொட்டது. பைனாகுலரும் அந்தப் பக்கமே போனது. அவள் எழுந்து தள்ளிப்போய் நாணல் ஓரம் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் தண்ணீர் பிளந்தது. வழவழவென்று ஒரு தலை, மீசையெல்லாம் நீர்த்துளி. பின்னால் இரண்டு குட்டிகள். ஒன்று கவ்விய மீனை மற்றது பிடுங்க, தாய் இரண்டையும் மூக்கால் ஓர் இடி இடித்தது.

கையை அசைத்தால் போதும், நர்ஸ் ஓடி வந்திருப்பாள். அவள் அசைக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருங்கள், இது எனக்கு மட்டும். அவை நாணலுக்குள் மறையும்வரை தனியாகப் பார்த்துத் தீர்த்தாள்.

வெயில் ஏறியதும் நர்ஸ் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அந்த மீன் பிடிக்கிற ஆளு நல்லா கதை விட்டுட்டான். இங்க ஒண்ணும் இல்ல. இனிமே ஞாயித்துக்கிழமையில உன் தங்கச்சி இப்ப சொன்ன மலைக்கே போலாம், என்ன?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏரியே கைவிட்டுப் போகிறதே!

"இருக்கு," என்றாள். "இப்பத்தான் பாத்தேன். குட்டிங்களோட."

"என்னது? ஏன்டி கூப்பிடல?"

"நீ அவகூட சிரிச்சிட்டிருந்த. எரிச்சலா இருந்துச்சு. கூப்பிடல."

நர்ஸ் அவளை முறைத்தாள். தங்கைக்கு முகம் சுருங்கிப்போனது. "நான் பஸ் ஸ்டாப்புல போய் நிக்கறேன்க்கா."

"பேசாம உக்காருடி," என்றாள் நர்ஸ். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "பாவி! எத்தனை வாரமா காத்துக் கிடந்தேன்! எந்தப் பக்கம் போச்சு?"

அவள் நாணலைக் காட்டினாள். மூன்று பேரும் ஈர மண்ணில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், நர்ஸ் நடுவில். அவள் தண்ணீரைப் பார்க்க முயன்றாள். கண் என்னவோ, நர்ஸின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தது.