உயிரோடிருந்த மேயரின் விதவை

வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயத் தரையில், இறந்தவர்களின் உருவம் பொறித்துப் பதித்த பித்தளைத் தகடுகளைத் துடைப்பது வின்னிஃப்ரெட்டின் வேலை. அவற்றில் ஒன்று, நானூற்றெழுபது வருஷத்துக்கு முந்தைய கம்பளி வணிகர் மேயர் கில்பர்ட் ஹன்னஃபோர்டின் மனைவி தோமசினுடையது. பக்கத்துத் தகட்டில் பெரிய தொப்பையோடு மேயர். துடைத்துத் துடைத்துத் தோமசின் முகத்தோடு சிநேகமாகிவிட்டது.

அந்தத் தோமசினைத்தான் சித்தப்பா மகன் டெஸ்மண்ட் சந்தி சிரிக்க வைக்கப் போகிறான். ஹன்னஃபோர்ட் குடும்ப வரலாறு என்று அவன் எழுதும் ஒரு சின்னப் புத்தகம். மூன்று மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். சண்டை போடவே அவள் ஆவணக் காப்பகத்துக்கு வந்தாள்.

"கில்பர்ட் உயில் எழுதினது 1552 டிசம்பர். அம்மணி கடைப்பையன் ராபர்ட்டைக் கட்டிக்கிட்டது 1552 பிப்ரவரி. அப்ப புருஷன் உசுரோட கல்லு மாதிரி இருக்கான்!" என்றான் டெஸ்மண்ட்.

"கல்யாணத்துக்கு மேயரே வந்து வாழ்த்தினாராடா?"

"கிண்டல் பண்ணாத வின்னி. ரெண்டும் பதிவுல இருக்கு."

அவள் உயிலின் பின்பக்கத்தைப் பார்த்தாள். நீதிமன்றம் அதை ஏற்றது 1552 ஜனவரி.

"டிசம்பர்ல எழுதப்போற உயில ஜனவரியிலயே ஏத்துக்கிட்டாங்களா? தீர்க்கதரிசிங்கதான்."

டெஸ்மண்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். நகர சபைக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்கள். 1552 டிசம்பர்: கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மேயர் காலமானார். அடுத்த பக்கம் 1552 ஜனவரி. அப்புறம் பிப்ரவரி. மார்ச் இருபத்தைந்தில்தான் 1553 என்று போட்டிருந்தது.

"அப்பல்லாம் வருஷம் மார்ச்லதாங்க பொறக்கும்," என்றாள் காப்பகப் பெண். "புதுசா வர்றவங்க எல்லாரும் இதுல விழுவாங்க."

அவன் முகம் தொங்கிப் போயிற்று. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். வின்னிஃப்ரெட் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். செத்தவளின் மானத்தைக் காக்க வந்துவிட்டு, உயிரோடிருப்பவனின் மானத்தை வாங்குவது கர்த்தருக்கு அடுக்காது.

"நீயே கண்டுபிடிச்சதா எழுதுடா."

"இருந்தாலும் ஆறே வாரத்துல கல்யாணமா?"

"தவக்காலம் வந்தா ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாதே. முந்திக்கிட்டா."

"அரைப் பக்கம் காலியாயிருச்சு. அங்க என்ன போடுறது?"

அவள் உயிலில் ஒரு வரியைக் காட்டினாள். 'என் குதிரைச் சவாரி அங்கியை ராபர்ட்டுக்குக் கொடுக்கிறேன். நடக்க முடியாத நாட்களில் அவன் என்னை மாடிக்குத் தூக்கிச் சுமந்தான்.'

டெஸ்மண்ட் அதை இரண்டு தடவை படித்தான்.

"அந்த மேயர் தொப்பைய தூக்கினானா? அவனுக்குத் தோமசின் கெடச்சது தப்பே இல்ல."

வின்னிஃப்ரெட் வெடித்துச் சிரித்தாள். அறை முழுக்க முறைத்தது. அவன் பென்சிலை எடுத்து, அந்த வரியை அப்படியே எழுத ஆரம்பித்தான்.